மொய் நோட்டில் ஏறாத சந்தா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கல்விப் பக்கத்தில் வெளிநாட்டுப் படிப்பு பற்றி நிறைய வருகிறது, விசா, ஸ்காலர்ஷிப், வங்கிக் கடன் எல்லாம் எழுதுகிறீர்கள். ஆனால் அமெரிக்காவில் பி.எஸ். படிக்கப் போன என் தங்கை மகன் போன மாதம் போன் போட்டு, "மாமா, ஃபிரட்டர்னிட்டியில் சேரக் கூப்பிடுறாங்க, அம்மாகிட்ட சொல்லாதீங்க, கொஞ்சம் பணம் வேணும்" என்றபோது அது என்ன சமாச்சாரம் என்றே எனக்குப் புரியவில்லை.

கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது இதுதான். கிரேக்க எழுத்துகளில் பெயர் வைத்துக்கொண்ட மாணவர் சங்கம், ஆண்களுக்கு ஃபிரட்டர்னிட்டி, பெண்களுக்கு சொராரிட்டி. இந்த வழக்கத்தைத் தொடங்கிவைத்தது 1776இல் வந்த ஃபை பீட்டா காப்பா. அதில் இன்றைக்கு நன்றாகப் படிக்கிறவர்களைத்தான் சேர்க்கிறார்கள், நம்ம பையனைக் கூப்பிட்டது அது இல்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

"எவ்வளவுடா?" என்றால் "சந்தா அறுநூறு டாலர்" என்றான். சரி, முழு பில்லை அனுப்பு என்றேன். வந்த தாளில் புது உறுப்பினர் கட்டணம் தனி, சேர்ப்புச் சடங்குக்குத் தனி, தேசியத் தலைமைக்குத் தனி, இன்சூரன்ஸ் தனி. கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதமாம். சட்டை, விருந்து, கோட்டு வாடகை எதுவும் அந்தத் தாளிலேயே இல்லை. எல்லாம் சேர்த்தால் முதல் செமஸ்டருக்கே ஏறக்குறைய ஒரு லட்ச ரூபாய். பல இடங்களில் ஒரு வருஷமாவது சங்கத்து வீட்டிலேயே தங்கியாக வேண்டும், அந்த வாடகையும் சாப்பாடும் வேறு. தொகை கல்லூரிக்குக் கல்லூரி மாறும், சொராரிட்டிகளில் வருஷத்துக்குச் சில ஆயிரம் டாலர் போவதும் உண்டு. கஜா புயல் 2018இல் சாய்த்த தென்னைகளுக்குப் பதிலாக நான் வைத்த கன்றுகள் இப்போதுதான் ஒழுங்காகக் காய்க்கின்றன, ஒரு லட்சத்துக்கு எத்தனை வெட்டுக் காய் போட வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

இதை அவனிடம் சொன்னபோது அவன் சொன்ன பதில்தான் என்னை யோசிக்க வைத்தது. "நீங்க பேராவூரணியில மொய் செய்யறீங்கல்ல மாமா, அது மாதிரிதான், பின்னால வேலைக்கு சீனியர்கள் கைகொடுப்பாங்க." பயல் சரியான இடத்தில்தான் தொட்டான். ஆடி, ஆவணியில் நானும் மொய் விருந்துக்குப் போகிறவன்தான். ஆனால் நான் வைப்பது நோட்டில் ஏறுகிறது, என் விருந்தன்று அவர்கள் மேலே கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்தாக வேண்டும், செய்யாவிட்டால் ஊரே கேட்கும். அந்த சீனியர் நாளைக்குக் கைகொடுக்காவிட்டால் யாரிடம் போய்க் கேட்பான்?

பணத்தைவிட நேரம் பெரிய கணக்கு. வாராவாரம் கூட்டம், தொண்டுக்கு நிதி திரட்டுவது, சேர்ந்து உட்கார்ந்து படிக்கும் நேரம், மதிப்பெண் குறைந்தால் நடவடிக்கை. ஒழுங்காகப் படிக்க வைக்கிறார்களே என்று எனக்கே அதில் கொஞ்சம் சந்தோஷம். ஆனால் மாணவர் விசாவில் போனவன் செமஸ்டர் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம், அந்தச் சம்பளத்தில்தான் இவன் கைச்செலவே ஓடுகிறது. இரண்டுக்கும் ஓடினால் எப்போது தூங்குவான்?

அப்புறம் ராகிங். சிதம்பரத்தில் 1996இல் மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்டதையும் அடுத்த வருஷம் இங்கே சட்டம் வந்ததையும் நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கேயும் சேர்ப்புச் சடங்கு என்ற பெயரில் அளவுக்கு மீறிக் குடிக்க வைத்துப் பிள்ளைகள் செத்திருக்கிறார்கள், 2024 டிசம்பரில்தான் அதற்கென்று மத்தியச் சட்டம் போட்டார்கள். எல்லாச் சங்கமும் அப்படி இல்லை, ஆனாலும் இதையும் கேட்டேன். "எங்க சங்கத்துல இல்ல மாமா" என்றான், கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னான்.

பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனசில்லை, அந்தக் குளிரில் கூட நாலு பேர் இருந்தால் நல்லதுதான். அதனால் நாலு வருஷத்துச் செலவையும் எழுதி வாங்கு, தவணையில் கட்டலாமா, நடுவில் விலகினால் எவ்வளவு திரும்பும் என்று கேள், முக்கியமாக அம்மாவிடம் நீயே சொல் என்றேன். மூன்றாவதுதான் இன்னும் நடக்கவில்லை. உங்கள் கல்விப் பக்கத்தில் இப்படி ஒரு முழு பில்லைப் போட்டு விளக்கினால் என் தங்கை மாதிரி ஆட்களுக்கு உதவும், அவளும் உங்கள் பேப்பர்தான் படிக்கிறாள்.

இப்படிக்கு,
தென்னை விவசாயி ஒருவர்,
பேராவூரணி வட்டம்.