21 விநாடிக்குள் போன இரவுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரம் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் கேட்டிருந்தார்: இப்போதுதான் எல்லாம் கணினியிலேயே ஆகிவிடுகிறதே, வாத்தியக்காரர் வேண்டாம், ஸ்டுடியோ வேண்டாம், அப்படியிருக்க ஒரு நடன நிகழ்ச்சிக்கு ஐந்து நிமிட இசை கேட்டால் ஏன் மூன்று வாரம் இழுக்கிறார்கள் என்று. நியாயமான கேள்விதான், கோபப்பட ஒன்றுமில்லை (படித்தவுடன் கொஞ்சம் பட்டேன், அது வேறு விஷயம்). பகலில் அலுவலகம், இரவில் சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் பின் அறையில் பாட்டு வேலை என்று பல வருடமாக ஓட்டிக்கொண்டிருப்பவன் நான். சமூக மன்ற நிகழ்ச்சிகளுக்குச் செய்து கொடுப்பேன், ஏப்ரல் வந்தால் தமிழ்மொழி விழா வேலை வேறு சேர்ந்துகொள்ளும். அந்த மூன்று வாரம் எங்கே போகிறது என்று சொல்கிறேன். அதில் எங்கள் தப்பும் இருக்கிறது, கேட்பவர்கள் தப்பும் இருக்கிறது.

முதலில் எங்கள் தப்பு. மெட்டு கிடைக்க அப்படியொன்றும் நேரம் ஆவதில்லை. பேருந்தில் வரும்போது கைப்பேசியில் முணுமுணுத்து வைத்த ஒரு வரி இருக்கும், வீட்டுக்கு வந்து கீபோர்டில் வாசித்தால் பல்லவி மாதிரி ஒன்று வந்துவிடும், அதற்குக் கீழே ஒரு தாளம், ஒரு பேஸ் (அடித்தொனி). எட்டு பார், அதாவது தாளம் எட்டுச் சுற்று. லூப்பில், முடிந்ததும் தானே மறுபடி தொடங்கும்படி, போட்டுக் கேட்கிறோம். நன்றாகத்தான் இருக்கிறது. மாட்டிக்கொள்வது இங்கேதான். நிமிடத்துக்கு 90 தட்டு என்ற வேகத்தில், பாருக்கு நாலு தட்டு என்று வைத்தால், எட்டு பார் என்பது சுமார் 21 விநாடி. அந்த 21 விநாடியைச் சுற்றவிட்டு, கிக் (டிரம்மின் ‘தும்’ என்ற அடி) சத்தம் பிடிக்கவில்லை என்று நாற்பது கிக்கை மாற்றி மாற்றிப் போட்டு, தபேலாவுக்கு ரிவெர்ப் (எதிரொலி) கூட்டி, குறைத்து, மறுபடி கூட்டி, யூடியூபில் யாரோ புகழ்ந்த பிளக்இன்னை (இசை மென்பொருளோடு சேர்க்கும் துணை மென்பொருள்) இறக்கி, அதற்குள்ளே இருக்கும் முந்நூறு சத்தத்தையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, நிமிர்ந்தால் மணி ஒன்றரை. சரணம் இல்லை. முடிவு இல்லை. மறுநாள் திறந்தால் நேற்று ஆசையாகச் செய்தது புளித்த மாவாகத் தெரியும், ஒரே துண்டை நூறு தடவை கேட்ட காதுக்கு வேறென்ன தோன்றும்.

போன வருடம் ஒரு வேலைக்கு மட்டும் பிடிவாதமாக ஒரு நோட்டில் நேரம் குறித்து வந்தேன். உட்கார்ந்தது, எழுந்தது, இடையில் என்ன செய்தேன், எல்லாம். முடிந்தபின் கூட்டிப் பார்த்தால் மெட்டும் பாட்டின் அமைப்பும் சேர்த்து இரண்டு சாயங்காலம். சத்தம் தேடியது மட்டும் ஐந்து இரவு! தேடி எடுத்த சத்தத்தில் பாதி கடைசிப் பாட்டில் இல்லவே இல்லை. நோட்டை மனைவியிடம் காட்டியிருக்கக் கூடாது.

இசை மென்பொருள் செய்தவர்களுக்கு இது தெரியாததல்ல. பெர்லின்காரர்களின் ஏபிள்டன் லைவ் 2001இல் வந்தபோதிருந்தே அதில் இரண்டு திரை உண்டு. ஒன்றில் துண்டு துண்டாகப் போட்டு விளையாடலாம், இன்னொன்றில் அந்தத் துண்டுகளை இடமிருந்து வலமாக வரிசைப்படுத்திப் பாட்டாக்கலாம். டேப் விசையை ஒரு தடவை அமுக்கினால் இங்கிருந்து அங்கே போய்விடலாம், அவ்வளவுதான் தூரம். எஃப்எல் ஸ்டுடியோவிலும் பேட்டர்ன், சாங் என்று இதே பிரிவினை. ஆனாலும் எனக்குத் தெரிந்த இளையர்கள் பலரின் கணினியில் முதல் திரையில் ஐம்பது அறுபது கோப்பு, இரண்டாவது திரையைப் பார்த்தது நாலோ ஐந்தோ.

எனக்கு இதில் ஒரு பழைய கதை உண்டு. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்த நாளில் எஃப்எல் ஸ்டுடியோவின் இலவச முன்னோட்டப் பதிப்புதான் கையில். அதில் செய்ததைச் சேமிக்கலாம், ஆடியோ கோப்பாகவும் எடுக்கலாம். ஆனால் சேமித்ததைத் திரும்பத் திறக்க முடியாது, காசு கட்டினால்தான் திறக்கும். அதனால் ஒரே உட்காரலில் முடித்தாக வேண்டும். தூக்கம் வந்தால் கணினியை அணைக்காமல், “அம்மா, சுவிட்சைத் தொடாதீங்க” என்று ஒரு சீட்டு எழுதித் திரையில் ஒட்டிவிட்டுப் படுப்பேன். ஒரு நாள் அம்மா மின்கட்டணத்தை நினைத்துக்கொண்டு தொட்டுவிட்டார், அது தனிக் கதை. அந்தக் காலத்தில்தான் நான் அதிகமாகப் பாட்டு முடித்தேன். இப்போது முழுப் பதிப்பு இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம், அதனாலேயே எதுவும் முடிவதில்லை.

சரி, இதற்கு என்ன வழி கண்டேன் என்றால், நாளைப் பிரித்தேன். அதைக்கூட நானாக யோசிக்கவில்லை, கணினியே சொல்லிக் கொடுத்தது. ஒருவர் வாசிப்பதைப் பதியும்போது பஃபர், அதாவது கணினி ஒரு தடவையில் சேர்த்து எடுத்துக்கொள்ளும் சத்தத்தின் அளவைச் சிறிதாக வைக்க வேண்டும், 128 சாம்பிள் (சத்தத்தின் நுண்துளி) மாதிரி. விநாடிக்கு 44,100 சாம்பிள் என்ற கணக்கில் அது ஏறக்குறைய 3 மில்லிவிநாடித் தாமதம், காதுக்குத் தெரியாது. பதிந்ததையெல்லாம் சேர்த்துப் பாட்டைக் கலக்கும்போது ட்ராக் (தனித்தனிச் சத்த வரிசை) நாற்பது ஐம்பது ஆகிவிடும், ஒவ்வொன்றிலும் நாலைந்து பிளக்இன், அப்போது 128இல் வைத்தால் கணினி ஈடுகொடுக்க முடியாமல் ‘டிக், டிக்’ என்று வெடிக்கும், 1024க்கு ஏற்ற வேண்டும். அது 23 மில்லிவிநாடி, அதுவும் ஒரு வழிக்கு மட்டும். உள்ளே போய் வெளியே வரும் கணக்கைப் பார்த்தால் இரட்டிப்புக்கு மேல். ஒரு தடவை இதை மறந்து 1024இலேயே விட்டுவிட்டு ஒரு மிருதங்கக்காரரை வாசிக்கச் சொன்னேன். இரண்டு ஆவர்த்தனம் (முழுத் தாளச் சுற்று) வாசித்தார், ஹெட்போனைக் கழற்றினார், “தம்பி, என் கை ஒரு பக்கம் போகுது, சத்தம் ஒரு பக்கம் வருது, யாருக்குப் பின்னாடி யார் வாசிக்கிறது?” என்றார். அன்றைக்குத்தான் புரிந்தது, பதிவும் கலவையும் ஒரே இரவில் செய்யக்கூடிய வேலை இல்லை என்று.

நம் ஊரில் இன்னொரு பிரிவினையும் தானாக அமைந்துவிடுகிறது. வீவக வழிகாட்டியில் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை அமைதி நேரம். அதற்குமேல் ஸ்பீக்கரில் பேஸ் கேட்டால் கீழ்வீட்டு ஆன்ட்டி மறுநாள் மின்தூக்கியில் முகம் கொடுக்கமாட்டார். ஹெட்போனில் கலந்தால் பேஸ் போதவில்லை என்று தோன்றும், கூட்டிவிடுவோம், அதைச் சமூக மன்றத்தின் பல்நோக்கு மண்டபத்து ஸ்பீக்கரில் போட்டால் மண்டபமே பீப்பாயாக உறுமும். தவிலோ பறையோ உருமியோ வீட்டில் பதிவது பற்றிப் பேசவே வேண்டாம், மணிக்கு இத்தனை வெள்ளி என்று வாடகை கொடுத்து ஸ்டுடியோதான் எடுக்க வேண்டும், அங்கே போய்க் கடிகாரம் ஓட ஓடச் சத்தம் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஆக, வாரநாள் சாயங்காலம் மெட்டும் அமைப்பும், சனிக்கிழமை பகலில் பதிவு, ஞாயிறு மத்தியானம் ஸ்பீக்கரில் கலவை. சத்தம் தேடும் வேலைக்குத் தனியாக ஒரு நாள், அன்றைக்குப் பாட்டைத் தொடமாட்டேன், பிடித்ததை ஒரு கோப்புறையில் போட்டு வைப்பதோடு சரி.

கமகத்தை, அதாவது சுரத்தை வளைத்தும் அசைத்தும் வாசிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நம்மவர்களின் நேரத்தை இதைவிட அதிகமாகத் தின்பது எதுவுமில்லை. மிடி (வாத்தியமும் கணினியும் இசைக் குறிப்புகளைப் பரிமாறும் முறை) 1983இல் வந்தது, கீபோர்டை மனதில் வைத்துச் செய்தது. சுரத்தை வளைக்க பிட்ச் பெண்ட் இருக்கிறது, ஆனால் பெரும்பாலான கருவிகளில் அது எடுத்த எடுப்பில் மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம் என்றுதான் இருக்கும். தோடி ராகத்தின் காந்தாரத்தை (‘க’ சுரத்தை) மவுஸால் வளைவு வளைவாக வரைந்து பாருங்கள், ஒரு மணி நேரம் கழித்து அது தோடியாகவும் இருக்காது, நீங்கள் நீங்களாகவும் இருக்கமாட்டீர்கள். வயலின் தெரிந்த ஒரு மாணவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தால் பத்து நிமிடம். வாத்தியக்காரர் வேண்டாம் என்று எழுதிய வாசகருக்கு இதைத்தான் சொல்வேன், ஆள் இல்லாமல் செய்வதுதான் எங்களுக்குக் கூடுதல் வேலை.

இனி நிகழ்ச்சி நடத்துகிறவர்கள், நடனம் அமைக்கும் ஆசிரியைகள் பக்கம். தயவுசெய்து வருத்தப்பட வேண்டாம்.

“சின்ன மாற்றம்தான்” என்று இரவு பதினொன்றுக்கு வாட்ஸ்அப் வரும். “பிள்ளைங்களுக்கு ரொம்ப மெதுவா இருக்கு, வேகத்தைக் கொஞ்சம் கூட்டிடுங்க.” இது சின்ன மாற்றமா பெரிய மாற்றமா என்பது அது எந்த நாளில் வருகிறது என்பதைப் பொறுத்தது. மெட்டு மிடியாக இருக்கும்வரை கணினியில் இருப்பது சத்தமே அல்ல, இந்த நேரத்தில் இந்தச் சுரத்தை இவ்வளவு அழுத்தி வாசி என்ற குறிப்புதான், வேகத்தை 90இலிருந்து 104க்கு மாற்ற அரை நிமிடம் போதும். புல்லாங்குழலையும் மிருதங்கத்தையும் பதிந்தபின் அது சத்தமாகிவிடுகிறது. அதை நசுக்கித்தான் வேகம் கூட்ட வேண்டும், கொஞ்சம் தாங்கும், அதற்குமேல் போனால் குழல் தண்ணீருக்குள் ஊதியது மாதிரியும் மிருதங்கத்தின் சொல் மழுங்கியும் கேட்கும். அப்போது வாத்தியக்காரரை மறுபடி கூப்பிட வேண்டும், ஸ்டுடியோ எடுக்க வேண்டும், நாளும் போகும் வெள்ளியும் போகும். பல்லவியை இன்னொரு தடவை சேர்க்கச் சொல்வதும் அப்படியே. பாதியில் செருகினால் பின்னால் உள்ளதெல்லாம் நகர்கிறது, சத்தத்துக்கு ஏற்ற இறக்கம் போட்ட கோடுகள் எல்லாம் இடம் மாறிவிட்டனவா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மிஸ்ர சாப்புத் தாளத்தில் ஏழாக ஓடிக்கொண்டிருந்ததைத் தீர்மானத்துக்காக (நடனத்தில் ஒரு பகுதியை முடித்துவைக்கும் ஜதிக்காக) நாலுக்கு மாற்றச் சொன்னவர்களும் உண்டு, பதிவெல்லாம் முடிந்தபின்.

ஒரு ஆசிரியையிடம் நான் கற்றுக்கொண்டது இது. அவர் முதல் வாரமே பிள்ளைகள் ஆடும் ஒத்திகையை, தானே ஜதி சொல்லித் தட்டுக்கழி தட்டும் சத்தத்தோடு, கைப்பேசியில் படமெடுத்து அனுப்புவார். அதன் வேகத்தை நான் அப்படியே பிடித்துக்கொள்வேன், வெறும் கீபோர்டும் தாளமுமாக ஒரு மொட்டைப் பாட்டைத் திருப்பி அனுப்புவேன், கேட்க அசிங்கமாகத்தான் இருக்கும். அவர்கள் அதற்கு ஒரு வாரம் ஆடிப் பார்த்துவிட்டு, மாற்றங்களை ஒரே தாளில் எழுதி அனுப்புவார்கள். அதற்குப் பிறகுதான் நான் ஒருவரையும் பதிவுக்குக் கூப்பிடுவேன். அவருடைய வேலை எனக்கு பத்து நாளுக்குமேல் போனதில்லை. சமூக மன்றங்களில் விழாக் குழு கூடும்போது அரங்கத்துக்கும் உடைக்கும் சாப்பாட்டுக்கும் தேதி போடுகிறார்கள் அல்லவா, அதே தாளில் வேகம் முடிவாகும் தேதி என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டால் போதும். இளையருக்கு இசை மென்பொருள் வகுப்பு நடத்துகிறவர்களும் எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று காட்டும் நேரத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டு, வகுப்பு முடிவதற்குள் மூன்று நிமிடப் பாட்டு ஒன்றைத் தொடங்கி முடித்துக் காட்டு என்று கேட்கலாம். மோசமாக இருந்தாலும் பரவாயில்லை, முடிந்திருக்க வேண்டும்.

நான் மட்டும் யோக்கியமா என்றால் இல்லை. இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே ஒரு சரணத்தைத் தள்ளிப்போடத்தான், எட்டு பார் பின்னால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மணி இப்போது 9.40. ஸ்பீக்கரில் கேட்க இன்னும் ஐம்பது நிமிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
பின் அறை இசைக்காரன்,
ஈசூன்