தமிழில் பாடம் தயாரிக்க எங்களைப் பழக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் ஒரு கல்வியியற் கல்லூரியில் விஞ்ஞானம் படிக்கும் ஆசிரிய மாணவி. இரண்டு வருடம் விடுதியில் இருந்து படித்துவிட்டு, மூன்றாம் வருடப் பயிற்சிக்காக இப்போது கொழும்பு வடக்கில் ஒரு தமிழ்மொழிமூலப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். வகுப்பறைத் தொழில்நுட்பம் பற்றிப் பத்திரிகைகளில் நிறைய வருகிறது. ஸ்மார்ட் போர்ட் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் எழுதுகிறார்கள், பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று வேறு சிலர். ஆனால் தமிழில் படிப்பிக்கிற ஒருவர் அந்தக் கருவியோடு வகுப்புக்குள் போகும்போது எங்கே தடக்குப்படுகிறார் என்று யாரும் எழுதி நான் வாசிக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

என் முதல் மேற்பார்வைப் பாடம் ஒளித்தொகுப்பு. மூன்று இரவு விழித்து வீட்டு லப்டொப்பில் பவர்பொயின்ட் செய்தேன். இலை, சூரியன், அம்புக்குறி, எல்லாப் பெயர்களும் தமிழில். காலையில் பென் ட்ரைவைக் கொண்டுபோய்ப் பாடசாலைக் கணினியில் போட்டு, மல்டிமீடியாவை (திரையில் படம் காட்டும் ப்ரொஜெக்டரை) எரியவிட்டால் திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கிறது. ஒரு சொல்கூடத் தமிழில் இல்லை. 36 பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பின்வரிசையில் விரிவுரையாளர் தாளும் பேனையுமாக இருக்கிறார், முன்வரிசைப் பிள்ளையொன்று "மிஸ், இது என்ன பாஷை?" என்று உண்மையாகவே தெரியாமல் கேட்கிறது. நான் மல்டிமீடியாவை நிறுத்திவிட்டுச் சோக்கை எடுத்து இலையைக் கரும்பலகையில் வரைந்தேன். பாடம் எப்படியோ முடிந்தது. ஆனால் அந்த மூன்று இரவும் வீணாய்ப்போனதை நினைத்து வீட்டுக்கு வந்து அழுதேன்.

நடந்தது என்னவென்று இந்த வேலையில் இருப்பவர்களுக்கு உடனே விளங்கியிருக்கும். நான் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியிருந்தேன், பாடசாலைக் கணினியில் பாமினி இல்லை. பாமினியில் 'அம்மா' என்று தட்டும்போது கணினி சேமிப்பது தமிழையே அல்ல, ஆங்கில எழுத்துகளை. எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் உருவத்தைப் போட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான். மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசையைத் தட்டுகிறோம், ஆகவே எழுத்துரு இல்லாத இடத்தில் நம் புள்ளிகளெல்லாம் அரைப்புள்ளிகளாகவே தெரியும். உலகமெங்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யுனிகோடில் அப்படியில்லை. தமிழ் எழுத்துகளுக்கென்று தனி எண்கள் உண்டு, 1991இல் வந்த முதற்பதிப்பிலேயே தமிழ் இருக்கிறது, எந்தப் புதிய கணினியிலும் போனிலும் தமிழ் தமிழாகத்தான் தெரியும். இத்தனை வருடம் கழித்தும் எங்கள் பாடசாலைகளில் வினாத்தாள், தவணைப் பரீட்சைத்தாள், சுற்றறிக்கை என்று பெரும்பாலானவை பாமினியில்தான் ஓடுகின்றன. நான் படித்த கல்லூரியில் தொழில்நுட்பத்துக்குப் பாடவேளை இருந்தது, பவர்பொயின்டில் எழுத்தை எப்படிப் பறக்கவிடுவது என்று ஒரு மாதம் படித்தோம். ஆனால் தமிழை எதில் தட்டுவது, ஏன் அதில் தட்டுவது என்று அரை மணித்தியாலம்கூட யாரும் சொல்லித்தரவில்லை.

பாமினியில் பழகிய கையை மாற்றச் சொல்லி யாரையும் நான் கேட்கவில்லை. அதே விசைகளைத் தட்டி யுனிகோடில் எழுதலாம், இ-கலப்பை போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு பின்னேரம் போதும். எனக்கு இது தெரியவந்ததே அந்தப் பாடத்துக்குப் பிறகு, பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் மல்டிமீடியாவுக்கு ஒரு எச்டிஎம்ஐ வயர் வாங்கப் போனபோது கடையில் நின்ற தம்பி ஒருவர் சொல்லித்தான்.

எங்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் மூத்த மிஸ் ஒருவர் இருக்கிறார். முப்பது வருட அனுபவம், கரும்பலகையில் அவர் இதயத்தை வரைந்தால் புத்தகத்தில் இருப்பதைவிடத் தெளிவாக இருக்கும். கணினி என்றால் தூரப்போய்விடுவார். ஒருநாள் தவணைப் பரீட்சைத்தாள் தட்டக் கொடுத்த இடத்தில் ஆள் இல்லையென்று கவலையோடு இருந்தார். என் போனில் கூகுள் குரல் தட்டச்சைத் திறந்து, அதில் 'தமிழ் (இலங்கை)' என்று தனியாகவே இருப்பதைக் காட்டி, "மிஸ், நீங்கள் வாசியுங்கள், அது எழுதும்" என்றேன். முதல் வினாவை வாசித்துவிட்டுத் திரையைப் பார்த்தவர், "மகள், இது நான் சொன்னதையே எழுதுதே!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சில கலைச்சொற்களைப் பிழையாகத்தான் எழுதியது, இருந்து திருத்தினோம். ஆனால் அன்றைக்கே 20 வினாக்கள் முடிந்தன. தொழில்நுட்பம் வேண்டாம் என்று சொல்கிற மூத்த ஆசிரியர்கள் எல்லாரும் உண்மையில் வேண்டாம் என்று சொல்கிறார்களா என்று அன்றிலிருந்து எனக்குச் சந்தேகம். யாராவது பக்கத்தில் இருந்து, அவர்களுடைய மொழியில், அவர்களுடைய வேலைக்குள்ளேயே வைத்துக் காட்டினால் போதும் என்றுதான் படுகிறது.

கருவி உண்மையிலேயே உதவிய ஒரு பாடத்தையும் சொல்ல வேண்டும். ஆய்வுகூடத்தில் நல்ல நிலையில் இருப்பது ஒரேயொரு நுணுக்குக்காட்டி. வெங்காய உரியில் கலங்களைக் காட்டுவதென்றால் 36 பிள்ளைகளும் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு நிமிடம் பார்ப்பதற்குள் 40 நிமிடப் பாடவேளை முடிந்துவிடும், அதிலும் பாதிப் பேர் தங்கள் கண்ணிமையைத்தான் பார்த்துவிட்டு வருவார்கள். இந்த முறை பழைய போன் ஒன்றைக் கொப்பிகளை அடுக்கி அதன்மேல் வைத்து, கமெராவைப் பார்வைத்துண்டோடு சேர்த்துப் பிடித்து, வயரை மல்டிமீடியாவில் கொடுத்தேன். அயடீன் ஒரு துளி விட்டதும் சுவரில் கலங்கள் வரிசைவரிசையாக எழுந்தன, ஒவ்வொன்றுக்குள்ளும் கருவும் புள்ளியாகத் தெரிந்தது. ஒருபோதும் வாய்திறக்காத ஒரு பையன் எழும்பி, "மிஸ், செங்கல் கட்டின மாதிரி இருக்கு" என்றான். கலச்சுவர் என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகளே வந்து உரியை உரித்தார்கள், வழுக்கியை நகர்த்தினார்கள், அவர்கள் நகர்த்த நகர்த்தச் சுவரில் படம் நகர்ந்தது. பவர்பொயின்டில் எழுத்துப் பறந்த நாட்களில் பிள்ளைகள் எழுத்தைப் பார்த்தார்கள். அன்றைக்கு வெங்காயத்தைப் பார்த்தார்கள். நான் படிப்பிக்கப் போனதும் வெங்காயத்தைத்தானே.

சரி, அப்படியென்றால் யூடியூப்பில் இருப்பதைப் போட்டுக் காட்டலாமே என்று கேட்பார்கள். நானும் போட்டேன். தமிழில் கிடைக்கும் நல்ல விஞ்ஞான வீடியோக்களில் அதிகம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்குச் செய்தவை. அவர்கள் உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதில் வருவது செல், உட்கரு, பசுங்கணிகம், ஒளிச்சேர்க்கை, கார்பன் டை ஆக்சைடு. எங்கள் பிள்ளைகளின் புத்தகத்தில் இருப்பது கலம், கரு, பச்சையவுருமணி, ஒளித்தொகுப்பு, காபனீரொட்சைட்டு. பெரியவர்களுக்கு இரண்டும் ஒன்று. 12 வயதுப் பிள்ளைக்கு இரண்டு வேறு பாடம். வீடியோ பார்த்த அடுத்த கிழமை ஒரு பிள்ளை கொப்பியில் ஒளிச்சேர்க்கை என்று எழுதிவிட்டு, "இது பிழையா மிஸ்?" என்று கேட்டது. பிழையில்லை மகள், ஆனால் பரீட்சையில் இப்படி எழுதாதே என்று சொல்ல எனக்கு மனம் கஷ்டமாக இருந்தது. சிங்கள மொழிமூல ஆசிரியர் ஒருவர் தேடினால் இந்த நாட்டுப் பாடத்திட்டத்துக்கே செய்த வீடியோக்கள் வரிசையாக வருகின்றன. எங்களுக்குக் கல்வி அமைச்சின் இணையத்தளமான இ-தக்சலாவவில் தமிழ்ப் பகுதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துகிறேன், அதற்கு வெளியே என்றால் ஒவ்வொரு ஆசிரியரும் தன் வீட்டு மேசையில் தனியாக இருந்து முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

வீட்டுவேலையை வட்ஸ்அப்பில் அனுப்புவதை நான் விட்டுவிட்டேன். என் வகுப்பில் பல வீடுகளில் ஒரு போன்தான், அதுவும் முச்சக்கரவண்டி ஓடும் அப்பாவோடு இரவுவரை வெளியில் இருக்கிறது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோது நானே உயர்தர மாணவி. வீட்டில் மூன்று பேருக்கு ஒரு போன், தம்பியின் வகுப்பு முடியும்வரை நான் காத்திருப்பேன். எங்கள் 2021ஆம் ஆண்டுப் பரீட்சையை 2022 பெப்ரவரியில்தான் எழுதினோம், அடுத்த மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லை. அதையெல்லாம் கடந்து வந்தவள் என்பதால், போன் இல்லாத பிள்ளையை வகுப்பின் முன் பதில் சொல்ல வைக்க என்னால் முடியாது.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் விஷயம் இல்லை. நாட்டில் பல தேசிய கல்வியியற் கல்லூரிகள் இருக்கின்றன. தமிழ்மொழிமூலம் படிக்கும் ஆசிரிய மாணவர்கள் ஒவ்வொரு தொகுதியிலும் எத்தனை பாடக்குறிப்பு, எத்தனை படம், எத்தனை பவர்பொயின்ட் செய்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். புள்ளி போட்டு முடிந்ததும் அது கோப்புக்குள் போகிறது, அல்லது பென் ட்ரைவோடு தொலைகிறது, அடுத்த தொகுதி அதே ஒளித்தொகுப்பைத் திரும்ப முதலிலிருந்து செய்கிறது. முதலாம் வருடத்தின் முதல் மாதத்திலேயே யுனிகோட் பழக்கிவிட்டு, நாங்கள் செய்யும் பாடங்களை எங்கள் பாடப்புத்தகக் கலைச்சொற்களோடு, மற்றவர்கள் திறந்து திருத்தக்கூடிய வடிவில் ஓரிடத்தில் சேர்த்து வைத்தால், மூன்று நான்கு வருடத்தில் கொழும்பு வெள்ளவத்தை ஆசிரியருக்கும் மலையகத்துப் பத்தனை ஆசிரியருக்கும் ஒரே அலுமாரி கிடைக்கும். பிடிஎஃப்பாகப் போட்டால் போதாது. திருத்த முடியாத பாடம் அடுத்தவர் வகுப்புக்குப் பொருந்தாது.

இன்னொன்று. எங்களை மேற்பார்வை செய்ய வருபவர்கள் மல்டிமீடியா எரிந்ததா என்று பார்த்துப் புள்ளி போடுவதை நிறுத்தினால் நல்லது. அந்தப் புள்ளிக்காகவே தேவையில்லாத பாடத்துக்கும் நாங்கள் திரையை விரிக்கிறோம், அதை எடுத்து வரவும் திறப்புத் தேடவும் பாடவேளையில் பத்து நிமிடம் போகிறது.

நான் செய்த 14 பாடங்களை யுனிகோடுக்கு மாற்றி, எழுத்துப்பிழை பார்த்து முடித்துவிட்டேன். வெங்காய உரியை எங்கள் பிள்ளைகளே உரித்துக் காட்டும் மூன்று நிமிட வீடியோவும் இருக்கிறது, அவர்களின் கைகள் மட்டும்தான் அதில் தெரியும். தமிழில் விஞ்ஞானம் படிப்பிக்கும் யாருக்காவது வேண்டுமென்றால் தங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு எழுதட்டும், என் முகவரியை அவர்களுக்குக் கொடுக்கலாம். ஒளித்தெறிப்பு அலகை மட்டும் இன்னும் முடிக்கவில்லை, படங்களை மூத்த மிஸ் வரைந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஆசிரிய மாணவி ஒருத்தி,
கொழும்பு 13