சரிவுல காட்டேஜ் கட்டுற ஓனர்களுக்கு ஒரு கம்பி கட்டுறவனோட லெட்டர்

குன்னூர், கோத்தகிரி பக்கம் காட்டேஜ் கட்டிட்டு இருக்குற, இனிமே கட்டப்போற ஓனர் அண்ணன்களே அக்காக்களே, வணக்கமுங்க. பதினெட்டு வருசமா இந்த மலையில கம்பி கட்டுறேன், உங்கள்ல சில பேரோட பில்லருக்கு ரிங் (நிக்குற கம்பிகளச் சுத்திப் பிடிக்குற கம்பி வளையம்) மாட்டுனது என் கையாகூட இருக்கும், அதனால கோவிச்சுக்காம படிங்க.

போன மாசம் ஒரு சைட்டுல ரிங்கோட முனைக் கொக்கிய நல்லா உள்பக்கமா சாய்ச்சு மடக்கி, மூணு இஞ்ச் நீளம் விட்டு மாட்டிட்டு இருந்தேன். அப்படி மடக்குனா மாட்டுறது கஷ்டம், விரல் நசுங்கும், டைம் எடுக்கும், ஆனா கொக்கி கான்கிரீட்டுக்குள்ள போய் கவ்விக்கும். மேனேஜர் வந்து "என்ன மேஸ்திரி, ஒரு பில்லருக்கு அரை நாளா? எல் மாதிரி மடக்கி விடு, உள்ள போனா யாருக்குத் தெரியப்போகுது"ன்னார். ரிங் எத்தன இஞ்சுக்கு ஒண்ணுன்னு கேட்டேன், எட்டு போதும்னார். பில்லரும் பீமும் சேருற எடத்துல நாலு இஞ்சுக்கு ஒண்ணு வேணும். சம்பளம் அவர் கையில, சொன்னபடியே கட்டிட்டு வந்துட்டேன். அன்னிக்கு நைட்டு தூக்கம் வரல.

ஏன்னா 2001 ஜனவரி 26 எனக்கு ஞாபகம் இருக்கு, ஸ்கூல்ல கொடியேத்திட்டு வந்து டிவி போட்டா குஜராத்துல பூகம்பம். காலைல 8:46க்கு புஜ் பக்கம் 7.7 அளவுல அடிச்சிருக்கு. அகமதாபாத் அங்க இருந்து 200 கிலோமீட்டருக்கு மேல, ஆனா அங்கயும் அபார்ட்மெண்ட்டுங்க அப்படியே உக்காந்துருச்சு. கீழ கார் நிறுத்த வெறும் பில்லர் மட்டும் விட்டு மேல நாலஞ்சு மாடி ஏத்துன பில்டிங்குங்கதான் நெறைய போச்சு. கொக்கி சரியில்லாத ரிங் ஆடுற ஆட்டத்துல வாயப் பொளந்துரும், அப்புறம் நிக்குற கம்பி வெளிய பிதுங்கும், கான்கிரீட் பொரிகடலை மாதிரி உதிரும்.

நம்ம மலை பாறை மலை, இங்க ஏதுப்பா பூகம்பம்னு கேப்பீங்க. 1900 பிப்ரவரி 8ல கோயமுத்தூர் பாலக்காடு பக்கம் ஏறக்குறைய 6 அளவுல ஒண்ணு வந்துச்சு, தென்னிந்தியா பூரா ஆடுச்சு. பூகம்ப ஆபத்து மேப்புல நீலகிரி இருக்குறது மூணாவது ஜோன், அதாவது நடுத்தர ஆபத்து. இமயமலை மாதிரி இல்லதான், நானும் பயமுறுத்த வரல.

ஆனா நாம கட்டுற விதத்தப் பாருங்க. ஏழு மீட்டருக்கு மேல கூடாதுன்னு ரூல், சரி, அதனால ரோட்டுல நின்னு பாத்தா ரெண்டு மாடி, கீழ தேயிலைத் தோட்டத்துல நின்னு பாத்தா நாலு! மேட்டுப் பக்கம் மூணடி பில்லர், பள்ளத்துப் பக்கம் இருபதடி பில்லர். நீளமானதுதான் ஆபத்துன்னு எல்லாரும் நெனைக்குறாங்க, நெசத்துல குட்டைதான் வளையாம அத்தன பாரத்தையும் தானே இழுத்துக்கும், மொதல்ல அதுதான் ஒடியும். எனக்கு இத ஒரு வயசான இன்ஜினியர் சைட் மண்ணுல குச்சி நட்டுக் காமிச்சார், அந்தக் குட்டைக்குத்தான் ரிங் நெருக்கமா வேணும்னார். நாம சின்னதுதானேன்னு அங்கதான் மிச்சம் பிடிக்கிறோம்.

அப்ரூவல் இருக்கு, பைன் கட்டியாச்சுன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. துருக்கில 2018ல அப்படித்தான் பணம் வாங்கிட்டு விதிமீறுன பில்டிங்குக்கெல்லாம் சர்டிபிகேட் குடுத்தாங்க. 2023 பிப்ரவரி 6 விடியக்காலம் 4:17க்கு 7.8 அளவுல அடிச்சுது, அங்க மட்டும் ஐம்பதாயிரம் பேருக்கு மேல செத்தாங்க. பேப்பரு பில்லரத் தாங்காதுங்க.

உங்ககிட்ட கேக்குறது பெருசில்ல. டைல்ஸ் செலக்ட் பண்ண கோயமுத்தூருக்கு நாலு தடவ போறீங்க, பில்லருக்கு பலகை அடைக்குறதுக்கு முன்னாடி ஒரே தடவ சைட்டுக்கு வாங்க. உள்ள கை விட்டு கொக்கியத் தொட்டுப் பாருங்க, டேப் வச்சு ரிங் இடைவெளிய அளங்க, நாலுக்குப் பதிலா எட்டு இருந்தா என்னையத் திட்டுங்க, மேனேஜர் முன்னாடியே திட்டுங்க, அப்பத்தான் நான் பிரிச்சுக் கட்ட முடியும். திங்கக்கிழமை கான்கிரீட்டுன்னா ஞாயித்துக்கிழமையே வந்துருங்க, டீ என் செலவு.