நீர் சுமப்பது தகப்பன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மாணவர் பக்கத்தில், பாலைவனக் கல்கௌதாரியின் தாய் அலகில் நீர் சுமந்து வந்து குஞ்சுகளுக்கு ஊட்டுவதாக எழுதியிருந்தீர்கள். அலகில் அல்ல, ஐயா. தாயும் அல்ல. தகப்பன்தான் வயிற்று இறகுகளில் நீரைச் சுமந்து வருகிறது.

ஓமானில் குழாய் பதிக்கும் வேலையில் இருந்தபோது இதைக் கண்ணால் பார்த்தவன் நான். எங்கள் கேம்ப்புக்குப் பின்னால் தேங்கிய குட்டைக்குக் காலையில் கூட்டமாக வந்து இறங்கும். பெட்டைகள் குடித்ததும் எழும்பிவிடும். சில சேவல்கள் மட்டும் நீருக்குள் நின்று, உடம்பை மேலும் கீழும் ஆட்டி, வயிறு ஊறும்வரை இருக்கும். அந்த இறகின் நுண்ணிழைகள் சுருள் சுருளாக இருப்பவை. நனைந்தால் விரிந்து நீரைப் பிடித்துக்கொள்ளும். ஆப்பிரிக்காவின் நமாகுவா கல்கௌதாரி ஏறக்குறைய 25 மில்லிலிட்டர் நீரோடு 30 கிலோமீட்டர்கூடப் பறக்கும். குஞ்சுகள் அந்த இறகை அலகால் உருவிக் குடிக்கும். தரையில் பொரித்துச் சில மணி நேரத்திலேயே கூட்டை விட்டு நடப்பவை அவை. தின்பது காய்ந்த விதை, பறக்கவும் முடியாது. அப்பன் வராவிட்டால் சாவுதான். இரவில் அடைகாப்பதும் சேவல்தான்.

1896-இல் மீட்-வால்டோ என்ற ஆங்கிலேயப் பறவை ஆர்வலர் இதை எழுதியபோது பலர் நம்பவில்லை. 1967-இல் கேடும் மக்லீனும் ஆராய்ந்து உறுதிசெய்துவிட்டார்கள். இத்தனை காலம் கழித்தும் நம் பிள்ளைகளுக்கு இது தப்பாகப் போய்ச் சேருகிறதே என்றுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இது முதல் தடவையும் அல்ல. சரவாக்கின் இருவாச்சியைப் பற்றி எழுதியபோதும், மரப்பொந்தில் அடைபட்ட தாயின் பொறுமையைப் புகழ்ந்தீர்கள். வெளியிலிருந்து பழம் கொண்டுவந்து கொடுக்கும் ஆணைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அப்போது நான் எழுதிய கடிதம் வெளிவரவே இல்லை. தந்தையர் தினத்திலும் உங்கள் பத்திரிகையில் கைக்கடிகார விளம்பரம்தான் பார்த்தேன். பிள்ளை முகம் பார்க்காமல் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் உழைத்த தகப்பன்மார் உங்கள் வாசகர்களில் எத்தனை பேர் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

என் பேத்தி அந்தக் கட்டுரையை வெட்டித் தன் திரட்டில் ஒட்டிவிட்டாள். தவறு என்று நான் சொன்னதற்கு, "பேப்பரிலேயே போட்டிருக்கே தாத்தா" என்கிறாள். உங்கள் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

வரும் ஞாயிறு ஒரு சிறு திருத்தம் போடுங்கள், ஐயா. இரண்டு வரி போதும். ஆனால் அதே மாணவர் பக்கத்தில் போடுங்கள்; வேறு பக்கத்தில் போட்டால் பிள்ளைகள் கண்ணில் படாது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
பட்டர்வொர்த், பினாங்கு