வாசல் மூன்று, சரக்கறை ஒன்று

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் உன் குரலே சரியில்லை. "இருந்தது ஒரே பை, மூன்று பேர் பணம் கட்டிவிட்டார்கள் அப்பா" என்றாய். அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

உன்னிடம் 10 பை இருக்கிறது என்று வைத்துக்கொள். கடை, உன் வெப்சைட், ஆன்லைன் தளம் மூன்றிலும் 10 என்று காட்டினால் 30 பைக்கு வாக்குக் கொடுத்த மாதிரி. ஓரிடத்தில் விற்றால் மற்ற இரண்டிலும் உடனே ஒன்று குறைய வேண்டும். அதற்கு மென்பொருள் இருக்கிறது. ஆனால், உதாரணமாகக் கறுப்புப் பெரிய பைக்கு எல்லா இடத்திலும் ஒரே எஸ்கேயு எண், அதாவது அந்த வகைச் சரக்குக்கு நீ வைக்கும் அடையாள எண், இருந்தால்தான் அது சரியாகக் கழிக்கும். கழித்தாலும் சில நிமிடம் பிந்தலாம். அதனால் ஆன்லைனில் 8 மட்டும் காட்டு, இரண்டைக் கையில் வை. வேகமாகப் போகும் சரக்கென்றால் இன்னும் கூடுதலாக வை.

நான் கடை நடத்தியபோது எனக்குக் கல்லாவும் டெலிபோனும்தான். ஒருவருக்கு எடுத்து வைப்பதாகப் போனில் சொன்ன கடைசிக் குடையை, விஷயம் தெரியாமல் உன் அம்மா கடைக்கு வந்தவருக்கு விற்றுவிட்டாள். நான் எழுதி வைக்கவில்லை, தப்பு என்னுடையது. போனில் கேட்டவர் சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றார். அன்றிலிருந்து, சொன்ன நிமிடமே பொருள்மேல் பெயர்ச் சீட்டு ஒட்டிவிடுவேன்.

திரும்பி வரும் பார்சலை வந்ததுமே ஸ்டாக்கில் ஏற்றாதே. பிரித்து, ஜிப்பை இழுத்து, தையலைத் தடவிப் பார்த்த பிறகு ஏற்று.

விற்பனைத் தொகையைப் பார்த்து மயங்காதே, கண்ணு. கமிஷன், பேக்கிங், கூரியர், திரும்பி வந்ததற்கான செலவு எல்லாம் போக ஒரு பைக்கு என்ன நிற்கிறது என்று ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியாக எழுது. நிறைய விற்கும் இடத்தில்தான் குறைவாக மிஞ்சுகிறது என்றுகூடத் தெரியவரலாம். தளத்துப் பணம் சில நாள் கழித்துத்தான் கைக்கு வரும், சரக்குக் கொடுத்தவர் அதுவரை காத்திருக்க மாட்டார்.

சரி, முதலில் பணம் கட்டியவருக்குப் பையை அனுப்பு. மற்ற இருவருக்கும் அவர்கள் கேட்பதற்கு முன்பே நீயே சொல்லி, இன்றே பணத்தைத் திருப்பு. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், இருவரும் உட்கார்ந்து சரக்கறை முழுவதையும் எண்ணிவிடலாம்.

அன்புடன்,
அப்பா