ப்ரீஆம்புல பவர் வால்வு போட்டா வீணா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். போன ஞாயித்துக்கிழமை இணைப்புல வீட்லயே வால்வு (பழைய ரேடியோல எரியற கண்ணாடி குழாய்) ப்ரீஆம்ப், அதாவது பவர் ஆம்புக்கு முன்னாடி சிக்னல ஏத்தி குடுக்கற பெட்டி, செய்யறத பத்தி போட்டிருந்தீங்க, தமிழ் பேப்பர்ல இதெல்லாம் வர்றதே பெரிய விஷயம், சந்தோஷம். ஆனா ஈஎல்84 மாதிரி ஸ்பீக்கர ஓட்டற பவர் வால்வ ப்ரீஆம்புல போடறது வெறும் ஆடம்பரம், ஈசிசி83ங்கற சின்ன வால்வு இருந்தா போதும்னு ஒரே வரில முடிச்சிட்டாங்க பாருங்க, அத மட்டும் ஒத்துக்க முடியல.

லாங்கு பஜார்ல சாமான் வாங்க போனப்ப கூட ஒருத்தர் "இன்னா சார், மலைய கெல்லி எலிய புடிக்கிறியே"ன்னு சிரிச்சாரு. பவருக்காக யாரும் இத போடறதில்ல சார். ஈஎல்84ஓட ஸ்கிரீன் கிரிட்ட (உள்ள இருக்கற ரெண்டாவது வலை) ஒரு 100 ஓம் ரெசிஸ்டன்ஸ் வச்சு பிளேட்டோட (சிக்னல் வெளிய வர்ற முனை) சேத்துட்டா அது ட்ரையோடு (மூணு முனை வால்வு) ஆயிடும், அதாவது 9ம் நம்பர் பின்ன 7ம் நம்பரோட சேக்கணும், அவ்ளோதான். அப்போ உள் ரெசிஸ்டன்ஸ் சுமார் 2 கிலோ ஓம் தான் இருக்கும். ஈசிசி83க்கு அதுவே 60 கிலோ ஓமுக்கு மேல. 100 கிலோ ஓம் லோடு போட்டா கூட வெளிய பாக்கறப்ப கிட்டத்தட்ட 40 கிலோ ஓம், இதோட அஞ்சு மீட்டர் ஷீல்டு வயர் போட்டு ஹாலோட அந்த மூலைல இருக்கற பவர் ஆம்புக்கு கொண்டு போனீங்கன்னா, அந்த வயரே ஒரு 500 பிகோஃபாரட் கண்டென்சர் மாதிரி உக்காந்துட்டு இருக்கும், 8 கிலோ ஹெர்ட்ஸ் கிட்டயே ட்ரெபிள் (மேல் ஸ்தாயி சத்தம்) படுத்துடும். நாதஸ்வரம் கேக்கறவங்களுக்கு சொல்லவே வேணாம். இதுல பவர் ஆம்ப் ட்ரான்சிஸ்டரா இருந்து இன்புட் 10 கிலோ ஓம்னா வர்ற சிக்னல்ல அஞ்சுல நாலு பங்கு அங்கயே போச்சு. ஈஎல்84க்கு இந்த ரெண்டு தொல்லையும் இல்ல.

ஒரு குறை இருக்கு, மறைக்க கூடாது. சிடி ப்ளேயர்லயே 2 வோல்ட் வருது, நிறைய பவர் ஆம்புக்கு 1 வோல்டே போதும், அதுல போயி பதினஞ்சு மடங்கு கெயின் எதுக்கு? அதனால சில பேர் கேத்தோட் ரெசிஸ்டன்ஸுக்கு குறுக்க இருக்கற கண்டென்சர கழட்டிட்டு கெயின கொறைக்கறாங்க, அப்டி பண்ணா 2 கிலோ ஓம் இருந்தது 7 கிலோ ஓமுக்கு ஏறிடும், எதுக்காக இந்த வால்வ எடுத்தோமோ அதுவே போயிடும். அதுக்கு 6வி6ங்கற இன்னொரு பவர் வால்வ போட்டுடலாம், ட்ரையோடா கட்டினா அதோட மியூவே (வால்வால குடுக்க முடியற உச்ச கெயின்) சுமார் 10 தான், உள் ரெசிஸ்டன்ஸும் அதே 2 கிலோ ஓம் கிட்ட. எனக்கு அது தான் புடிச்சது, சாக்கெட் பெருசு, சால்டர் வைக்கவும் கை போகும்.

பிளேட்ல 180 வோல்ட், 20 மில்லி ஆம்ப் ஓட்டினா 3.6 வாட் தான், ஈஎல்84ஓட லிமிட் 12 வாட், சும்மா படுத்துகினு வேல செய்யும். ஆனா ஹீட்டர் ஒண்ணுக்கு 0.76 ஆம்ப், ரெண்டு சேனலுக்கு எல்லாம் சேத்து இருபது வாட்டுக்கு மேல சூடு, நம்ம ஊர் அக்னி நட்சத்திரத்துல டப்பாவுக்கு மேல ஓட்டை போடலன்னா கண்டென்சர் வெந்துடும். கடைசி கப்ளிங் கண்டென்சர் (டிசிய தடுத்து சிக்னல மட்டும் வெளிய விடறது) பழக்கதோஷத்துல 0.1 மைக்ரோஃபாரட் போடாதீங்க, 10 கிலோ ஓம் இன்புட்டுக்கு 160 ஹெர்ட்ஸுக்கு கீழ தவில் காணாம போயிடும், 2.2 போடணும்.

வால்வுக்கு பழைய ரேடியோ ஒரு நல்ல வழி, பெங்களூர் பெல் கம்பெனி (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) அந்த காலத்துல செஞ்ச ஈஎல்84 இன்னும் கெடைக்குது (நம்ம ராணிப்பேட்டை பெல் வேற, அங்க பாய்லர் சாமான்). யூஎல்84ன்னு பாக்க அதே மாதிரி ஒண்ணு இருக்கும், ஹீட்டர் 45 வோல்ட், அது ஆவாது. அந்த யூ வரிசை ரேடியோல சேஸிஸே (உள்ள இருக்கற உலோக தட்டு) நேரா மெயின்ஸோட சேந்திருக்கும், பிளக்க புடுங்காம தொடவே கூடாது.

இப்ப முக்கியமான விஷயம். நீங்க போட்ட சர்க்யூட்ல எச்.டி. (ஹை டென்ஷன் சப்ளை) கண்டென்சருக்கு குறுக்க பிளீடர் ரெசிஸ்டன்ஸே (ஆஃப் பண்ணப்புறம் சார்ஜ வடிச்சு விடறது) இல்ல. 300 வோல்ட் உள்ள அப்டியே நிக்கும், கரண்ட் தான் போச்சேன்னு யாராச்சும் கைய விட்டா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. 220 கிலோ ஓம், 2 வாட், ஒரே ஒரு ரெசிஸ்டன்ஸ், 100 மைக்ரோஃபாரட்னா ஒரு நிமிஷத்துல பெரும்பாலும் வத்திடும், அப்பவும் மீட்டர் வச்சு பாத்துட்டு தான் கை வைக்கணும். அத பாத்து செய்ய ஆரம்பிச்சிருக்கற பசங்களுக்காக அடுத்த ஞாயிறு இந்த திருத்தத்தையாவது படத்தோட போட்டுடுங்க.

– பழைய ரேடியோ ரிப்பேர்காரன், சத்துவாச்சாரி, வேலூர்