ஆண்டு போடாத புட்டி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். க்ரூக் நிறுவனத்தின் க்ராந்த் குவே ஷாம்பெயின், 168-ஆவது பதிப்பு, அதாவது 168-ஆவது தடவையாகக் கலந்தது. உன் மேனேஜர் கொடுத்திருப்பது சின்னப் பரிசு இல்லை. லேபிளில் அறுவடை ஆண்டு இல்லை, ஆண்டு போட்டதுதான் உசத்தி என்று உன் நண்பன் சொன்னானாம். கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கிறாய். மாற்றாதே. இந்த ஒயினில் எனக்குப் பிடித்ததே அதில் ஒற்றை ஆண்டு இல்லாததுதான்.

இங்கே பிரான்ஸில் ரான்ஸ் பக்கம் திராட்சைக்கு எப்போதுமே நல்ல காலம் என்று சொல்ல முடியாது. ஏப்ரலில் துளிரைப் பனி கருக்கிவிடும், கோடையில் ஆலங்கட்டி விழும், அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொள்ளும். 2001-இல் அப்படித்தான் செப்டம்பர் முழுக்க மழை. பல நிறுவனங்கள் அந்த ஆண்டின் பெயரில் ஷாம்பெயின் விடவே இல்லை. இந்தக் குளிர் மண்ணில் கலவை என்பது மலிவுக்காகச் செய்கிற வேலை இல்லை. நல்ல ஆண்டுகளின் ஒயினில் ஒரு பங்கை எடுத்து வைத்து, பின்னால் வருகிற ஆண்டில் எது குறைகிறதோ அதை அதிலிருந்து நிரப்புகிறார்கள். அந்த முறை இல்லாவிட்டால் இவ்வளவு நிதானமான ஒயின் இந்த ஊரில் கிடைத்திருக்காது.

யோசெப் க்ரூக் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் பிறந்தவர். ஷாக்கெஸோன் என்ற ஷாம்பெயின் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு, 1843-இல் ரான்ஸில் சொந்தமாக ஆரம்பித்தார். வானிலை எப்படி இருந்தாலும் ஒவ்வொரு வருடமும் தன்னால் முடிந்த மிகச் சிறந்த ஷாம்பெயினைக் கொடுக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். 1848-இல் தன் மகன் போலுக்காக ஒரு நோட்டுப் புத்தகத்தில் தன் கொள்கைகளை எழுதி வைத்தார். அப்போது அந்தப் பிள்ளைக்கு ஆறு வயதுதான். நல்ல திராட்சையும் நல்ல நிலமும் இல்லாமல் நல்ல ஒயின் வராது, ஒரு நிறுவனத்துக்கு இரண்டு வகை போதும் என்று அதில் இருக்கிறது. ஒன்று வருடா வருடம் புதிதாகக் கலப்பது, மற்றது அந்தந்த ஆண்டின் குணத்தைக் காட்டுவது. இரண்டும் ஒரே தரத்தில் இருக்க வேண்டும் என்கிறார். உன் நண்பனுக்கு இதைச் சொல்.

உன் கையில் இருக்கும் 168-க்கு அடிப்படை 2012 அறுவடை. பனி, ஆலங்கட்டி, பூஞ்சை என்று எல்லாம் சேர்ந்து விளைச்சலைக் குறைத்த வருடம். ஆனால் கடைசியில் வெயில் வந்து, மிஞ்சிய திராட்சை அருமையாகப் பழுத்தது. அதனுடன் பழைய ஒயின்களையும் சேர்த்து, 11 வெவ்வேறு ஆண்டுகளின் 198 ஒயின்களைக் கலந்திருக்கிறார்கள். அவற்றில் மூத்தது 1996-ஐச் சேர்ந்தது, திராட்சையில் சர்க்கரையும் புளிப்பும் இரண்டுமே உச்சத்தில் இருந்த வருடம் அது. ஒவ்வொரு தோட்டத் துண்டின் சாறும் தனித்தனியாகச் சிறிய ஓக் பீப்பாயில் புளிக்கும். அப்புறம் மாதக்கணக்கில் ருசி பார்ப்பது நடக்கும், புதியதும் பழையதுமாகச் சுமார் 400 ஒயின்கள். இத்தனையையும் நாக்கில் நினைவு வைத்துக் கலவையை முடிவு செய்கிற பொறுப்பு 2020 முதல் ஜூலி கவீல் என்ற பெண்ணிடம் இருக்கிறது. எனக்கு அதில் பெருமை.

திராட்சை மூன்று வகை. பினோ நுவார் ஒயினுக்குக் கனம் கொடுக்கும், ஷார்தொனே கூர்மையும் நீண்டு நிற்கும் ருசியும் கொடுக்கும். மெனியே பழ மணத்தைத் தரும். தாமதமாகத் துளிர்ப்பதால் பனிக்கும் அது கொஞ்சம் தப்பிக்கும். கலந்ததைப் புட்டியில் அடைத்து, ஈஸ்டும் சர்க்கரையும் சேர்த்து மூடிவிடுவார்கள். உள்ளேயே மறுபடி புளித்து, வெளியேற வழியில்லாத வாயு ஒயினில் கரைந்துவிடும். ஈஸ்ட் செத்து அடியில் படியும். அந்தப் படிவோடு க்ரூக் சுமார் ஏழு வருடம் நிலவறையில் கிடக்கும். சுட்ட ரொட்டி, வறுத்த கொட்டை மணமெல்லாம் பெரும்பாலும் அந்தக் காத்திருப்பில்தான் வருகிறது. சட்டப்படி ஆண்டு போடாத ஷாம்பெயின் அந்தப் படிவோடு 12 மாதம் கிடந்தால் போதும். வித்தியாசத்தை நீயே பார்.

சரி, குடிக்கிற விஷயத்துக்கு வருவோம். சிங்கப்பூர் வெக்கையில் ஐஸ் போல வேண்டும் என்றுதான் தோன்றும், ஆனால் ரொம்பக் குளிர்ந்தால் வாசனை எழாது. 9 முதல் 12 டிகிரிக்குள் இருக்கட்டும். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வைத்தால் சரியாக இருக்கும். ஒல்லியான நீளக் கோப்பை வேண்டாம், அதில் குமிழி அழகாகத் தெரியும், மூக்குக்கு ஒன்றும் கிடைக்காது. வெள்ளை ஒயினுக்கு வைத்திருக்கும் வயிறு அகன்ற கோப்பையை எடு. சோப்பு மிச்சம் இருந்தால் நுரை செத்துவிடும், அதனால் வெந்நீரில் நன்றாக அலசித் துணியால் துடை.

திறக்கும்போது கவனம். உள்ளே ஆறு பார் வரை அழுத்தம் உண்டு, கார் டயரில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். கம்பியைத் தளர்த்திய நிமிடத்திலிருந்து கட்டைவிரல் கார்க்கின் மேலேயே இருக்கட்டும். புட்டியைச் சாய்த்துப் பிடி, கார்க்கைத் திருகாமல் புட்டியைத் திருப்பு. சினிமாவில் போல வெடிக்க வைத்துப் பீய்ச்சினால் ஏழு வருட உழைப்பு தரையில் போகும்.

கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு ஊற்று. முதலில் குடிக்காதே, முகர்ந்து பார். எலுமிச்சை, ஆப்பிள் போல ஏதாவது வரும். கொஞ்சம் விட்டு மறுபடி முகர்ந்தால் தேன், வறுத்த ஹேசல் கொட்டை, சர்க்கரையில் ஊறிய ஆரஞ்சுத் தோல், சுக்கு என்று மாறிக்கொண்டே போகும். எனக்கு வந்ததெல்லாம் உனக்கும் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. முதல் வாயை நாக்கில் கொஞ்சம் நிறுத்து. நுரை குத்தாமல் மெத்தென்று பரவும், விழுங்கிய பிறகும் ருசி நீண்ட நேரம் போகாது. நான் வேலை பார்த்த ஓட்டலில் புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுப்பார்கள்: எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார், அப்புறம் பேசு.

கேக் வெட்டும்போது இதைத் திறக்காதே, கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இனிப்போடு சேர்ந்தால் இந்த வகை ஒயின் வெறும் புளிப்பாகத்தான் தெரியும். காரமும் வேண்டாம், வாயு சேர்ந்தால் எரிச்சல் கூடும். உப்பும் எண்ணெயும் இருக்கிற மிதமான தீனி நன்றாகப் பொருந்தும். நெய்யில் வறுத்த முந்திரி, மிளகாய் போடாத மீன் வறுவல், பழுத்த கொம்தே சீஸ் எல்லாம் சரி. புதுச்சேரி வீட்டில் பாட்டி செய்த தேன்குழலோடு நான் குடித்துப் பார்த்திருக்கிறேன், அவ்வளவு பொருத்தம்.

நாலு பேராகப் பகிர்ந்து குடியுங்கள், 12.5 சதவீத ஆல்கஹால் அதில் இருக்கிறது. மிஞ்சினால் ஷாம்பெயினுக்கென்றே விற்கிற இறுக்கமான மூடியைப் போட்டு ஃபிரிட்ஜில் வை. கழுத்தில் ஸ்பூன் தொங்கவிடுவதை இங்கேயும் செய்கிறார்கள், அதனால் பயன் ஒன்றும் இல்லை. மறுநாள் குமிழி குறைந்திருக்கும், ஆனால் கொட்டை மணமும் தேன் மணமும் இன்னும் தெளிவாகத் தெரியலாம். அதையும் குடித்துப் பார்.

புட்டியின் பின் லேபிளில் ஆறு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் மூன்று இலக்கங்களை வைத்து அது எந்த ஆண்டின் எந்தக் காலாண்டில் நிலவறையை விட்டு வெளியே வந்தது என்று சொல்லிவிடலாம். அந்த எண்ணை எழுதி அனுப்பு. இரண்டாவது கோப்பையில் என்ன வாசனை வந்தது என்பதையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
அம்மா